நாடுகளுக்கிடையிலான கூடைப்பந்துப் போட்டி எந்த ஆண்டில் தொடங்கியது?

கேள்வி

வணக்கம். எங்கள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடும் பிள்ளைகளுக்காக இந்த ஆட்டத்தின் வரலாற்றைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதி வருகிறேன். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடைகளை உடற்பயிற்சிக்கூட மாடத்தில் மாட்டி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தது வரை தடையின்றி எழுதிவிட்டேன். அதற்குப் பிறகுதான் சிக்கல். என்னிடம் உள்ள வினா விடைக் கையேடு, நாடுகள் மோதிய முதல் போட்டி 1936 பெர்லின் ஒலிம்பிக் என்கிறது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஐரோப்பியப் போட்டி நடந்திருக்கும்போது அது எப்படி முதலாகும்? எந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொள்வது சரி என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

ஐயா, தங்கள் ஐயம் சரியானதே. ஆனால் விடை ஐரோப்பாவிலும் இல்லை, மணிலாவில் இருக்கிறது. 1913இல் அங்கு நடந்த தூரக் கிழக்கு விளையாட்டுப் போட்டிகளிலேயே கூடைப்பந்து இடம்பெற்றது, பிலிப்பைன்ஸ் வென்றது. அப்போட்டிகளை முன்னின்று நடத்திய எல்வுட் பிரவுன் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறித்தவ இளைஞர் சங்கத்தைச் சேர்ந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்ததும் ஒய்.எம்.சி.ஏ.வின் பயிற்சிப் பள்ளிதான் என்பதால், அதன் கிளைகள் போன இடமெல்லாம் இந்த ஆட்டமும் போயிற்று. 1893இலேயே பாரிசின் திரேவீஸ் தெருக் கூடத்தில் ஆடியிருக்கிறார்கள். 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் அவர்களும் ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவரே என்பதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

மணிலாவுக்குப் பின், முதல் உலகப்போர் முடிந்த கையோடு 1919இல் பாரிசில் நேச நாட்டுப் படைவீரர்களுக்கான போட்டிகள் நடந்தன. அதில் அமெரிக்கா பிரான்சை 93–8 என்று வென்றது. 1930இல் மான்டிவிடியோவில் நடந்த தென்னமெரிக்கப் போட்டியில் உருகுவே வென்றது. இவ்வளவும் நடந்த பிறகு வந்த 1936ஐ முதல் என்பது பெரும் பிழை.

மறுமொழி 2

மேலே சொன்ன தகவல்களை மறுக்கவில்லை. ஆயினும், போட்டி நடந்தது என்பது ஒன்று; எல்லா நாடுகளும் ஏற்ற ஒரே விதிகளின்படி, ஒரு பொது அமைப்பின்கீழ் நடந்தது என்பது வேறொன்று. நான் 1932ஐத்தான் தொடக்கமாகக் கொள்வேன். அவ்வாண்டு ஜூன் 18 அன்று ஜெனீவாவில் அர்ஜென்டினா, செக்கோஸ்லோவாக்கியா, கிரீஸ், இத்தாலி, லாத்வியா, போர்ச்சுகல், ருமேனியா, சுவிட்சர்லாந்து ஆகிய எட்டு நாடுகள் கூடி ஃபீபா என்னும் பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பை நிறுவின. ஆட்டத்தைப் பெற்றெடுத்த அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அதுவரை கூடைப்பந்தைத் தன் ஆளுகைக்குள் வைத்திருந்தது பன்னாட்டு எறிபந்து (ஹேண்ட்பால்) கூட்டமைப்பு. அதன் பிடியிலிருந்து விடுபட்டு, 1935இல் ஒலிம்பிக் குழுவின் ஏற்பைப் பெற்றுத் தந்ததில் ஃபீபாவின் முதல் பொதுச்செயலாளர் ரெனாட்டோ வில்லியம் ஜோன்சின் பங்கு மிகப் பெரியது. அதே ஆண்டு ஜெனீவாவில் நடந்த முதல் ஐரோப்பியப் போட்டியின் இறுதியாட்டத்தில், லாத்வியா என்ற சிறிய நாடு ஸ்பெயினை 24–18 என்று வென்றது. இந்தத் தொடர்ச்சி இல்லையென்றால் பெர்லினும் இல்லை.

மறுமொழி 3

இருவர் சொல்வதும் பெர்லினில் ஒன்றுசேர்கிறது என்று நினைக்கிறேன். 1936 ஆகஸ்ட் 7 அன்று எஸ்தோனியா, பிரான்ஸ் அணிகள் மோதிய முதல் ஆட்டத்தில் பந்தை மேலே எறிந்து தொடங்கிவைத்தவர் நெய்ஸ்மித் அவர்களே. தாம் கண்டுபிடித்த ஆட்டம் ஒலிம்பிக்கை எட்டியதைக் கண்ணால் பார்க்கும் பேறு அவருக்கு வாய்த்தது.

ஆனால் அந்த ஆட்டங்களுக்குக் கூரையுள்ள அரங்கு கிடைக்கவில்லை. களிமண்ணும் மணலும் பரப்பிய டென்னிஸ் களங்களில்தான் நடத்தினார்கள். இறுதியாட்டத்தன்று மழை கொட்டித் தரை சேறாகிவிட்டது. பந்தைத் தரையில் தட்டினால் அது எழும்பாமல் அங்கேயே அமிழ்ந்துவிடும் என்பதால், தட்டிக்கொண்டு ஓடும் ஆட்டத்தையே கைவிட்டு, வழுக்கும் பந்தைக் கைக்குக் கை மாற்றித்தான் ஆட வேண்டியிருந்தது. பார்க்க வந்த ஏறக்குறைய ஆயிரம் பேரும் மழையில் நின்றுகொண்டே பார்த்தார்கள். அமெரிக்கா 19, கனடா 8. அமெரிக்காவின் ஜோ ஃபோர்டன்பெரி ஒருவர் எடுத்த புள்ளிகளும் கனடா அணி முழுவதும் எடுத்த புள்ளிகளும் சமம்: எட்டு.

என் மனத்தில் நிற்பது வேறு ஓர் அணி. பிலிப்பைன்ஸ் அங்கே ஆடிய ஐந்து ஆட்டங்களில் நான்கில் வென்றது. பின்னர் வெண்கலம் பெற்ற மெக்சிகோவையும் 32–30 என்று வீழ்த்தியது. தோற்றது அமெரிக்காவிடம் மட்டுமே. அத்தோல்வி காலிறுதியில் நேர்ந்ததால் ஐந்தாம் இடத்தோடு நிறைவடைய வேண்டியதாயிற்று. 1913 முதல் அயல்நாட்டு அணிகளோடு மோதிப் பழகிய நாடு அது. ஆகவே மணிலாவை முன்கதை என்று ஒதுக்கிவிட முடியாது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. முதல் போட்டி 1913 மணிலா என்றும், பொது அமைப்பு 1932 ஜெனீவா என்றும் தனித்தனியாகவே எழுதுகிறேன். எங்கள் அணியில் பாதிப்பேர் பெண் பிள்ளைகள். பெண்களுக்கான போட்டி எப்போது வந்தது என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

மறுமொழி 2

பெண்களுக்கான முதல் ஐரோப்பியப் போட்டி 1938இல் ரோமில் நடந்தது. ஐந்து நாடுகள் ஆடின, இத்தாலி வென்றது. உலகப் போட்டி 1953இல் சிலியில் தொடங்கியது. ஒலிம்பிக்கில் அவர்களுக்கு இடம் கிடைத்தது 1976 மான்ட்ரியலில்தான். ஆண்கள் சேற்றில் ஆடி முடித்து நாற்பது ஆண்டுகள் கழித்து.