மணற்பெட்டியா, வெள்ளோட்டமா?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தைச் சிறு நிறுவனங்களுக்கு விளக்கும் கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. அதில் 'ரெகுலேட்டரி சாண்ட்பாக்ஸ்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி மாட்டிக்கொண்டேன். புது மென்பொருளைச் சந்தைக்கு விடுமுன் அதிகாரிகளின் மேற்பார்வையில் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு அது. சிறு நிறுவனங்களுக்கு முன்னுரிமை உண்டு, பொதுவாகக் கட்டணம் இல்லை. சொல்லுக்குச் சொல்லாக 'மணற்பெட்டி' போதுமா?

நிரலர்:
விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகும் பக்கத்துக்கு 'மணல்தொட்டி' பழகிய சொல்தானே? அதையே போடுங்கள்.

தமிழாசிரியர்:
சட்டத்தில் மணலும் தொட்டியுமா! 'அரங்கின்றி வட்டாடியற்றே' என்பது 401ஆம் குறள். அங்கே அரங்கு மேடை அன்று, வட்டு என்னும் காயை உருட்டி ஆட வரைந்த கட்டம். கோட்டுக்குள் நின்று ஆடு என்பதுதானே இந்த ஏற்பாடும்? ஆகவே 'தேர்வரங்கு'. கழகமும் இப்படித்தான், 937ஆம் குறளில் அது சூதாடுமிடம். அதிலிருந்து...

நிரலர்:
ஐயா, கழகத்துக்குள் நுழைந்தால் இன்றைக்குத் திரும்ப மாட்டோம். தேர்வரங்கு என்றால் பரீட்சை ஹால்தான் நினைவுக்கு வரும். புதுத்தேருக்கும் கப்பலுக்கும் விடுவது வெள்ளோட்டம். எல்லாருக்கும் புரியும்.

வழக்கறிஞர்:
ஓட்டம் சரி, பாதுகாப்பு எங்கே? அதிகாரிகள் சொன்னபடி நல்லெண்ணத்தோடு நடந்தால், சட்டமீறல் நேர்ந்தாலும் அபராதம் கிடையாது. பிறருக்கு ஏற்படும் இழப்புக்கு மட்டும் பொறுப்பு உண்டு. சிறு நிறுவனத்துக்கு அதுதான் முக்கியம். தடைசெய்த பயன்பாட்டுக்கான உச்ச அபராதம் 3.5 கோடி யூரோ, அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுவரவில் 7 விழுக்காடு. பெரியவர்களுக்கு இரண்டில் எது கூடுதலோ அது. சிறியவர்களுக்கு எது குறைவோ அது. அப்படியிருந்தும் ஆளையே முடித்துவிடும் தொகை. 'காப்பு வெள்ளோட்டம்' என்று போடலாமே?

தமிழாசிரியர்:
காப்பு நூலின் முதற்பாட்டு அல்லவா?

நிரலர்:
கையில் போடும் காப்பும்தான். விடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
அச்சகத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 'மேற்பார்வை வெள்ளோட்டம்' என்று அனுப்பிவிட்டேன். அபராத விலக்கு அடிக்குறிப்பில் இருக்கிறது.

வழக்கறிஞர்:
அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? மேற்பார்வை என்றதுமே சின்னக் கம்பெனிக்காரர்கள் ஓடிவிடுவார்கள். ஆனாலும் சரி, பெரும்பான்மை முடிவு.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். வெள்ளிடை, அதாவது வெட்டவெளி, என்பதில் 'வெள்' வெறுமையைக் குறிக்கும். வெள்ளோட்டமும் சரக்கில்லா ஓட்டமே. இந்தச் சட்டமோ மேற்பார்வையோடு நடைமுறைச் சூழலிலேயே சோதிக்கவும் இடம் தருகிறது. கப்பலில் ஆளை ஏற்றிக்கொண்டு அதை வெள்ளோட்டம் என்பதா? மறுபதிப்பில் திருத்துக.