விண்டோஸ் புதிதாகப் போட்டபின் இன்னொரு டிரைவில் இருக்கும் கேம்கள் எந்த லாஞ்சரிலும் தெரியவில்லை. 420 ஜிபியை மறுபடி இறக்கணுமா?

அரைத்தூக்கம்

வணக்கம். சிஸ்டம் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று கடையில் கொடுத்து விண்டோஸை மறுபடி போட்டு வாங்கிவந்தேன். கேம்கள் எல்லாம் தனி ஹார்ட் டிஸ்கில், டி டிரைவில் இருந்தன. அதன்மேல் ‘இதைத் தொடவேண்டாம்’ என்று ஸ்டிக்கரே ஒட்டிக் கொடுத்தேன். தொடவில்லை, ஃபோல்டர்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஸ்டீம், எபிக், ஜிஓஜி கேலக்ஸி, யூபிசாஃப்ட் கனெக்ட் என்ற நான்கு லாஞ்சர்களையும் (கேம்களை வாங்கி, இறக்கி, ஓட்டும் செயலிகள்) போட்டு லாகின் செய்தால், எல்லாவற்றிலும் ‘இன்ஸ்டால்’ பட்டன்தான் நிற்கிறது.

மொத்தம் 420 ஜிபி. வீட்டில் 40 எம்பிபிஎஸ் லைன். கணக்குப் போட்டால் 23 மணி நேரத்துக்கு மேல் வருகிறது, அதுவும் முழு வேகம் கிடைத்தால். வேறு வழி உண்டா?

இன்னொன்று. கேம் டிரைவ் இப்போது இ என்று காட்டுகிறது. டி எழுத்தை டிவிடி டிரைவ் எடுத்துக்கொண்டது.

கோடைவெயில்

இவ்வளவு குழப்பம் எதற்கு ப்ரோ? டிஸ்க் கிளீனப் ஓட்டி சி-யைச் சுத்தம் செய்யுங்க, கேம் ஃபோல்டர்களையும் அழிச்சிட்டு ராத்திரி டவுன்லோடு போட்டுட்டுத் தூங்குங்க. ரெண்டு ராத்திரியில் முடிஞ்சிடும்.

பழையமவுஸ்

நில்லுங்கள். டிஸ்க் கிளீனப்பை இப்போதைக்குத் தொடவே தொடாதீர்கள்.

முதலில் இதைச் சொல்லுங்கள்: சி டிரைவில் ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா? கடைக்காரர் சி-யை ஃபார்மட் செய்யாமல் அதன்மேலேயே விண்டோஸ் போட்டிருந்தால், பழைய சி-யில் இருந்தது பெரும்பாலும் அதற்குள் இருக்கும். பத்து நாள் வாக்கில் விண்டோஸ் அதைத் தானே அழித்துவிடும். கிளீனப்பில் தெரியாமல் டிக் போட்டாலும் போச்சு. வாங்கிவந்து எத்தனை நாள் ஆகிறது?

அப்புறம், நீங்கள் 420 ஜிபியைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறீர்கள். அது போனால் மறுபடி இறக்கலாம். சேவ் கோப்புகள், அதாவது எதுவரை ஆடினீர்கள் என்ற பதிவுகள்? அவை கேம் ஃபோல்டரில் இருப்பது குறைவு, பெரும்பாலும் சி-யில்தான் கிடக்கும். என்னென்ன கேம்?

அரைத்தூக்கம்

ஐயோ, சேவ் பற்றி யோசிக்கவே இல்லை அண்ணா. விட்சர் 3-இல் 90 மணி நேரம் போட்டிருக்கிறேன்.

விண்டோஸ் டாட் ஓல்டு இருக்கிறது, 38 ஜிபி. வாங்கிவந்து இன்று ஆறாவது நாள்.

விட்சர் 3 ஜிஓஜி, ஆனால் கேலக்ஸி இல்லாமல் ஆஃப்லைன் இன்ஸ்டாலரில் போட்டது. 2020 மே மாதம் எபிக்கில் இலவசமாகக் கொடுத்தபோது எடுத்த ஜிடிஏ 5. யூபிசாஃப்ட்டில் அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸ். ஸ்டீமில் ஹாலோ நைட்டும் சின்னச் சின்னதாகப் பத்துப் பன்னிரண்டும்.

பழையமவுஸ்

ஆறாம் நாளில் கேட்டீர்கள், பிழைத்தீர்கள்.

எந்தக் கேமையும் இன்னும் திறக்காதீர்கள். விண்டோஸ் டாட் ஓல்டுக்குள் ‘யூசர்ஸ்’, அதற்குள் உங்கள் பழைய பெயர். திறந்தால் அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வரும், ‘கன்டின்யூ’ அழுத்தினால் சற்று நேரம் எடுத்து உள்ளே விடும். விட்சர் சேவ் டாக்குமென்ட்ஸில் ‘தி விட்சர் 3’ ஃபோல்டருக்குள் ‘கேம்சேவ்ஸ்’. ஜிடிஏ அதே டாக்குமென்ட்ஸில் ‘ராக்ஸ்டார் கேம்ஸ்’. ஹாலோ நைட் மட்டும் மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’வில் ‘லோக்கல்லோ’வுக்குள் ‘டீம் செர்ரி’ என்ற பெயரில். எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ போய் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள்.

யூபிசாஃப்ட்டின் சேவ் யூசர்ஸில் கிடைக்காது. விண்டோஸ் டாட் ஓல்டுக்குள்ளேயே ‘புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86’ போய் ‘யூபிசாஃப்ட் கேம் லாஞ்சர்’ என்ற ஃபோல்டரில் ‘சேவ்கேம்ஸ்’ பாருங்கள். உள்ளே பெயர் இருக்காது, வெறும் எண்கள். மொத்தமாக எடுத்துவிடுங்கள். கிளவுடிலும் (கம்பெனியின் சர்வரில்) இருக்கலாம், இருந்தாலும் கையில் ஒன்று இருக்கட்டும்.

அங்கேயே ‘புரோகிராம்டேட்டா’வில் எபிக் > எபிக்கேம்ஸ்லாஞ்சர் > டேட்டா > ‘மேனிஃபெஸ்ட்ஸ்’. அதையும் எடுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டுவிட்டு வாருங்கள்.

அரைத்தூக்கம்

எல்லாம் கிடைத்தது! கேம்சேவ்ஸில் நூற்றுக்கு மேல் கோப்புகள், ஒவ்வொன்றோடும் ஒரு சின்ன ஸ்கிரீன்ஷாட். மேனிஃபெஸ்ட்ஸில் ஐந்தாறு கோப்புகள், பெயர் எல்லாம் கந்தரகோலமாக இருக்கிறது.

பழையமவுஸ்

அந்தக் கந்தரகோலம்தான் எபிக்கின் கணக்குப் புத்தகம். கேம் ஒன்றுக்கு ஒரு கோப்பு. நோட்பேடில் திறந்தால் ‘இன்ஸ்டால் லொகேஷன்’ என்ற வரியில் பழைய டி பாதை இருக்கும். அதனால் முதல் வேலை எழுத்தைத் திருப்புவது. ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் > டிஸ்க் மேனேஜ்மென்ட். டிவிடிக்கு இசட் கொடுங்கள், பிறகு இ-யை டி ஆக்குங்கள். வரிசை மாறினால் டி இன்னும் கையில் வராது.

எபிக்கை டாஸ்க்பாரின் மூலையில் உள்ள ஐகான் வழியாக முழுதாக மூடி, மேனிஃபெஸ்ட் கோப்புகளைப் புது சி-யின் அதே இடத்தில் ஒட்டி, மறுபடி திறந்து பாருங்கள். சில நேரம் இதுவே போதும்.

எடுபடாவிட்டால் பழைய தந்திரம். டி-யில் உள்ள ஜிடிஏ ஃபோல்டரின் பெயரை மாற்றி வையுங்கள். எபிக்கில் அதே இடத்துக்கு இன்ஸ்டால் கொடுத்து, 2 சதவீதம் தாண்டியதும் தற்காலிகமாக நிறுத்தி லாஞ்சரை மூடுங்கள். பழைய ஃபோல்டரில் உள்ளதைப் புதியதற்குள் நகர்த்தி, கேட்டால் ‘ரீபிளேஸ்’ கொடுங்கள். ஒரே டிரைவுக்குள் நகர்த்துவதால் நொடியில் முடியும். பிறகு ரெஸ்யூம். இருப்பதைச் சரிபார்த்து விட்டுப்போனதை மட்டும் இறக்கும். சரிபார்க்கும் நேரத்தில் டவுன்லோடு போல சதவீதம் ஓடும், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

மற்றவை சுலபம். ஸ்டீமில் செட்டிங்ஸ் > ஸ்டோரேஜ் போய் டி-யைச் சேருங்கள். ‘ஸ்டீம்ஆப்ஸ்’ ஃபோல்டரில் ‘ஆப்மேனிஃபெஸ்ட்’ கோப்புகள் இருந்தால் தானே பட்டியலில் வந்துவிடும். யூபிசாஃப்ட்டில் டவுன்லோடு பட்டனுக்கு அருகிலேயே ‘லொகேட் இன்ஸ்டால்டு கேம்’. கேலக்ஸியில் ‘மேனேஜ் இன்ஸ்டலேஷன்’ போய் ‘இம்போர்ட் ஃபோல்டர்’.

கோடைவெயில்

சாரி ப்ரோ, நான் சொன்னதை மறந்துடுங்க 😅 டாட் ஓல்டுல இவ்வளவு இருக்கும்னு தெரியாது.

இரவுப்பட்டன்

ஒரு எச்சரிக்கை. சேவ் கோப்புகளை முதலில் அதன் இடத்தில் போட்டுவிட்டு அப்புறம் கேமைத் திறங்கள். வெறும் கணினியில் முதலில் திறந்தால் புதிதாக ஒரு சேவ் உருவாகும், கிளவுடுக்கும் அதற்கும் சண்டை வரும். ஸ்டீம் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்கும்போது தேதியைப் படியுங்கள். நடுராத்திரித் தூக்கக் கலக்கத்தில் புதியதுதான் நல்லது என்று நினைத்து, என் 40 மணி நேரத்தை நானே என் கையால் அழித்தேன்.

அரைத்தூக்கம்

நன்றி. இன்னொரு சந்தேகம், இழையை நீட்டுவதற்கு மன்னிக்கவும். இந்த நான்கையும் ஒரே இடத்தில் பார்க்க வழி உண்டா? எது எந்தக் கடையில் வாங்கியது என்றே மறந்துபோகிறது. விட்சர் ஸ்டீமிலும் இருக்கிறது என்று இன்றுதான் கண்டுபிடித்தேன். இரண்டு முறை காசு கொடுத்திருக்கிறேன்!

பழையமவுஸ்

பிளேநைட் போடுங்கள். இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஒவ்வொரு கடைக் கணக்கையும் இணைத்தால் எல்லாம் ஒரே பட்டியலில் வரும், இன்ஸ்டால் செய்யாததும் சேர்த்து. வாங்கும் முன் பெயரை அடித்துப் பார்த்துக்கொள்ளலாம். போர்ட்டபிளாக (எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் இருக்கும்படி) டி-யிலேயே போட்டால் அடுத்தமுறை சி போனாலும் பட்டியல் தங்கும்.

ஆனால் இது லாஞ்சர்களுக்கு மாற்று இல்லை. ஜிடிஏவை அழுத்தினால் எபிக்கும் ராக்ஸ்டார் லாஞ்சரும் பின்னால் வந்தே தீரும். கேம் முடிந்ததும் லாஞ்சரை மூடிவிடும் வசதி செட்டிங்ஸில் உண்டு. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியில் நான்கையும் நிறுத்திவிடுங்கள். சிஸ்டம் ஆமையானதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

இரவுப்பட்டன்

கேலக்ஸியிலேயே எல்லாக் கடையையும் இணைக்கலாமே, இன்னொன்று எதற்கு?

பழையமவுஸ்

இணைக்கலாம், பார்க்கவும் அழகு. ஆனால் அங்கே பல இணைப்புகள் தன்னார்வலர்கள் எழுதியவை. ஒரு கடை லாகின் முறையை மாற்றினால் யாராவது புதுப்பிக்கும்வரை காத்திருக்கணும். பிளேநைட்டிலும் அந்தத் தொல்லை உண்டு, என் அனுபவத்தில் சீக்கிரம் சரியாகிறது. லினக்ஸ் ஆட்கள் ஹீரோயிக் பாருங்கள், எபிக்கும் ஜிஓஜியும் அதில் ஓடும்.

அரைத்தூக்கம், லுடுசாவி என்று ஒன்று இருக்கிறது, எந்தக் கேமின் சேவ் எங்கே என்று அதற்கே தெரியும். வாரம் ஒருமுறை ஓட்டி சேவ் நகலை டி-யில் போட்டு வையுங்கள். பிளேநைட்டுக்குள்ளேயே அதற்கு ஆடான் உண்டு.

அரைத்தூக்கம்

நிலவரம்: ஸ்டீம், யூபிசாஃப்ட், ஜிஓஜி மூன்றும் கால் மணி நேரத்தில் வந்துவிட்டன. எபிக்கில் மேனிஃபெஸ்ட் ஒட்டியதில் ஜிடிஏ தவிர மற்றவை எழுந்தன. ஜிடிஏவுக்கு 2 சதவீதத் தந்திரம் செய்தேன். 70 சதவீதம் வரை சரிபார்த்துக்கொண்டே போய், கடைசியில் 3 ஜிபி மட்டும் இறக்கியது.

விட்சரைத் திறந்தேன். நாயகன் ஜெரால்ட் விட்ட இடத்திலேயே நோவிகிராட் தெருவில் மழையில் நிற்கிறார். லுடுசாவியும் ஓட்டியாயிற்று. அந்தப் பென்டிரைவில் புது ஸ்டிக்கர்: ‘இதையும் தொடவேண்டாம்’.