பயிற்சியில் நடந்தது: தண்ணீர் லேனில் வந்த கோடு

தண்ணி_லேன்:
எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் ஐந்து நாள் மாலிக்யுலர் பயிற்சிக்கு, அதாவது டிஎன்ஏ ஆய்வக வேலை கற்றுத்தரும் பயிற்சிக்குப் போனேன். ஊர், நிறுவனப் பெயரெல்லாம் வேண்டாம். நாலாம் நாள் 16எஸ் பிசிஆர், அதாவது பாக்டீரியாக்களில் இருக்கிற 16எஸ் மரபணுவை நகலெடுத்துப் பெருக்குவது. மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா (ஐசோலேட்), நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் டிஎன்ஏ துண்டுகளான 27எஃப், 1492ஆர் பிரைமர், 35 சுற்று (சைக்கிள்), உங்களுக்குத் தெரிந்த கதைதான். எங்கள் மேசையில் நாலு பேர், ஆளுக்கு ஒரு சாம்பிள். ஐந்தாவது டியூபில் டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கன்ட்ரோல். அந்த டியூப் என் பொறுப்பு.

மாலை ஆறரைக்கு, டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரிக்க ஓடவிட்ட ஜெல்லை யுவி விளக்கு மேல் வைத்தார்கள். அறை விளக்கை அணைத்ததும் டியூபுக்கு ஒரு தடமாக ஐந்து லேனிலும் ஆரஞ்சுக் கோடு, டிஎன்ஏ நீளம் 1500 எழுத்துக்குப் பக்கத்தில் வரிசையாக. பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. ஐந்தாவதில் எதுவும் வந்திருக்கக் கூடாது. மற்ற நாலைவிட மங்கல்தான், ஆனால் இருந்தது.

"சார், கன்ட்ரோல்லயும் வந்திருக்கு" என்றேன். எட்டிப் பார்த்தார். "ரெக்கார்டுல ஒட்டும்போது அந்த லேனை வெட்டிடும்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு" என்று சொல்லி, பிரின்ட்டோடு கத்தரிக்கோலையும் அவரே நீட்டினார். வெட்டினேன். மறுநாள் சான்றிதழும் வாங்கினேன். ஏழு வருடம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது.

மிளகாய்ப்பொடி:
சொட்டளவு எடுக்கும் பிப்பெட்டின் முனையை (டிப்) மாற்றாமல் தண்ணீரை எடுத்திருப்பீர்கள், வேறென்ன. இதற்கு ஏழு வருடமா?

என் கதை டிரான்ஸ்ஃபர்மேஷன், அதாவது பிளாஸ்மிட் என்கிற குட்டி டிஎன்ஏ வளையத்தைப் பாக்டீரியாவுக்குள் புகுத்துவது. ஐஸில் அரை மணி நேரம், 42 டிகிரியில் 45 விநாடி, மறுபடி ஐஸ், எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். பிளாஸ்மிட் ஏறியவை மட்டும் பிழைப்பதற்காக ஆம்பிசிலின் ஆன்டிபயாடிக் போட்ட தட்டில் பரப்பி வெள்ளிக்கிழமை இன்குபேட்டரில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். திங்கள் காலை பார்த்தால் நடுவில் பொட்டு மாதிரி ஒரு பெரிய காலனி, அதைச் சுற்றிக் கடுகு தாளித்த மாதிரி நூறு பொடிக் காலனி. மேடத்திடம் ஓடிப்போய், "மேடம், நிறைய வந்திருக்கு!" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. லேசாகச் சிரித்தார், அவ்வளவுதான். பொடியாக, தனித்தனியாக, அழகாக இருந்தவற்றைப் பார்த்துப் பொறுக்கி ஆம்பிசிலின் கலந்த ஆறு டியூபில் போட்டேன். மறுநாள் ஆறும் குழாய்த் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தன, எதுவும் வளரவில்லை.

பெரிய காலனி வெளியே விடும் என்சைம் சுற்றியிருக்கிற ஆம்பிசிலினைத் தின்றுவிடும், அந்த நிழலில் முளைத்தவைதான் பொடிசுகள், அவற்றில் பிளாஸ்மிடே கிடையாது என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்தச் சிரிப்புக்குப் பதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது நானும் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் தட்டோடு ஓடி வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரிவதில்லை.

பழைய_டெமான்ஸ்ட்ரேட்டர்:
மிளகாய்ப்பொடி அவசரப்படுகிறார். 16எஸ் பிரைமர் எந்தப் பாக்டீரியா கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். பிசிஆரில் டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் என்சைமை முதலில் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவிலிருந்து எடுத்தார்கள். இன்று கடையில் வாங்குவது பெரும்பாலும் ஈ.கோலி என்ற பாக்டீரியாவில் தயாரித்தது. சுத்தம் செய்தாலும் ஈ.கோலி டிஎன்ஏ துளி ஒட்டிக்கொண்டு வரும். 35 சைக்கிள் ஓட்டினால் அந்தத் துளியும் கோடாகத் தெரியலாம். எனவே தங்கை கைதான் தப்பு என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. அதே தண்ணீர், அதே என்சைம், பாக்டீரியாவோடு சம்பந்தமில்லாத வேறு பிரைமர் போட்டு ஒரு தடவை ஓட்டியிருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும். வெட்டச் சொன்னது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது.

என் அனுபவம் சின்னது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிளாஸ்மிட் எடுத்து, ஆல்கஹாலைக் கொட்டும்போது அடியில் படிந்த டிஎன்ஏவையும் (பெல்லட்) சேர்த்து சிங்க்கில் கொட்டிவிட்டேன். அது கண்ணுக்கே தெரியாது. லேப் அட்டெண்டர் ஐயா ஒருவர்தான், "தம்பி, சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தறப்ப டியூப் மூடியோட கீல் வெளிப்பக்கம் பார்த்து இருக்கட்டும். பெல்லட் எப்பவும் கீலுக்கு நேர் கீழதான் உக்காரும்" என்றார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நான் படித்த எந்த மேனுவலிலும் அது இல்லை.

சரி, பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் யாராவது படித்தால் உதவும் என்று சொல்கிறேன். போவதற்கு முன் பிப்பெட்டைப் பழகுங்கள். தண்ணீரில் கொஞ்சம் இங்க் கலந்து, பாராஃபில்ம் என்கிற மெழுகுப் படலத்தில் இரண்டு மைக்ரோலிட்டர் சொட்டுகளாகப் பத்து வையுங்கள். பத்தும் ஒரே அளவில் உட்காருகிற வரை விடாதீர்கள். நல்ல தராசு கிடைத்தால் 100 மைக்ரோலிட்டர் தண்ணீரை நிறுத்துப் பாருங்கள், 100 மில்லிகிராம் வர வேண்டும். உறிஞ்சும்போது முதல் தடை வரைக்கும்தான் அழுத்த வேண்டும், இரண்டாவது தடை வெளியே விடுவதற்கு. என்சைம் பாதிக்குப் பாதி கிளிசராலில் இருக்கும், பாகு மாதிரி. டிப்பை ஆழமாக முக்கினால் வெளிப்பக்கம் ஒட்டுவதே நீங்கள் எடுக்க வேண்டிய அளவைவிட அதிகமாகிவிடும். மேற்பரப்பைத் தொட்டு மெதுவாக எடுங்கள். அது டியூபில் அடிக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும், கலக்க மறக்காதீர்கள். 20 மைக்ரோலிட்டர் வரைக்குமான பிப்பெட்டை 25க்குத் திருகாதீர்கள். திருகி உடைத்தவர்கள் எல்லாரும் என்னிடம்தான் வந்து நின்றார்கள்.

கறுப்பு_சிவப்பு:
பெயரைப் பார்த்துக் கட்சிக்காரன் என்று நினைக்க வேண்டாம், ஜெல் டேங்க் வயர். டிஎன்ஏ சிவப்பு (பாசிட்டிவ்) முனையை நோக்கி ஓடும். நான் டிஎன்ஏவை ஊற்றும் குழி (வெல்) பக்கம் சிவப்பைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீல டை ஜெல்லை விட்டு வெளியேறி பஃபரில் புகை மாதிரி கலைந்துகொண்டிருந்தது. எட்டுப் பேருடைய மூன்று நாள் உழைப்பு. யாரும் திட்டவில்லை. ஒரு பெண் மட்டும் கையுறையைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போனார். அந்தக் கையுறை கண்ணிலேயே நிற்கிறது.

தீர்த்தம்:
நீங்களெல்லாம் கெடுக்கவாவது கொடுத்துவைத்தவர்கள். நாலாயிரம் ரூபாய் கட்டி மூன்று நாள் பயிற்சிக்குப் போனேன். முப்பத்தைந்து பேர், ஒரு பிசிஆர் மெஷின் (சைக்கிளர்), இரண்டு பிப்பெட். கோயிலில் தீர்த்தம் தருகிற மாதிரி வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு தடவை அழுத்தினோம். என் முறை வந்தபோது டியூபில் எதுவும் மிச்சமில்லை. "சும்மா அழுத்திப் பாரும்மா, ஃபீல் கிடைக்கும்" என்றார்கள். காற்றை உறிஞ்சி, காற்றை விட்டேன். போட்டோ எடுத்தார்கள். அடுத்த வருட நோட்டீஸில் அதே போட்டோ, கீழே 'செய்முறைப் பயிற்சி'. டெமான்ஸ்ட்ரேட்டர் ஐயா, பாராஃபில்மில் பத்து சொட்டு வைக்கச் சொல்கிறீர்கள். எங்கள் கல்லூரியில் பாராஃபில்மே பீரோவில் பூட்டி இருக்கும், சாவி ஹெச்ஓடியிடம்.

மிளகாய்ப்பொடி:
@பழைய_டெமான்ஸ்ட்ரேட்டர் என்சைமில்தான் கோளாறு என்றால் அன்று எல்லா மேசைக்கும் தண்ணீர் லேனில் கோடு வந்திருக்க வேண்டுமே. ஒரே டியூபிலிருந்துதானே எல்லாருக்கும் பங்கு போட்டிருப்பார்கள். வந்ததா? அதைக் கேட்காமல் மூன்று பத்தி பிப்பெட் பாடம்.

பழைய_டெமான்ஸ்ட்ரேட்டர்:
நியாயமான கேள்வி. கேட்டிருக்க வேண்டும். பிப்பெட் பாடம் யாருக்காவது உதவட்டும், விடுங்கள்.

தண்ணி_லேன்:
மற்ற மேசைகளில் வந்ததா என்று நானும் அன்று பார்க்கவில்லை. என் லேனை மறைப்பதிலேயே குறியாக இருந்தேன். இப்போது யோசித்தால், தண்ணீரைக் கடைசியில் போடச் சொல்லியிருந்தும், நாலு சாம்பிளும் திறந்து கிடக்கும்போதா அந்த டியூபை மூடினேன் என்று ஞாபகமில்லை. வெட்டிய துண்டைக் குப்பையில் போட மனம் வராமல் ரெக்கார்டின் பின்னட்டைக்குள் செருகி வைத்திருந்தேன். இதை எழுதுவதற்காக நேற்று எடுத்துப் பார்த்தேன். பில் தாள் மாதிரியான தாள் அது, முழுக்க வெளுத்துவிட்டது. கோடும் இல்லை, லேனும் இல்லை. பின்பக்கம் என் கையெழுத்தில் '5 - தண்ணீர்' என்பது மட்டும் இருக்கிறது.

பழைய_டெமான்ஸ்ட்ரேட்டர்:
தெர்மல் பிரின்ட் நிற்காதும்மா. அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்க வேண்டும்.