கொருக்குப்பேட்டை கேட்டில் வந்த ஜெர்மன் சந்தேகம்

ராயபுரத்துக்காரி:
பக்கத்து வீட்டு நர்ஸ் பெண் ஜெர்மனி போக பி2 என்ற ஜெர்மன் மொழித் தேர்வுக்குப் படிக்கிறாள். இங்கிலீஷில் எதைத் தாண்டினாலும் 'கிராஸ்'தான். ஜெர்மன்காரர்களுக்கு அது போதாது, எதைத் தாண்டுகிறோம் என்பதைப் பொறுத்து சொல் மாறும். அன்று ரயில்வே கேட் மூடியிருந்தது, கூட்ஸ் வண்டி நகரவில்லை. ஒரு அம்மா புத்தகப் பையை முதலில் தள்ளிவிட்டு, பிள்ளையோடு இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து அந்தப் பக்கம் போனார். "அக்கா, இது யூபர்க்வேரனா, யூபர்ஷ்ரைட்டனா?" என்றாள் நர்ஸ் பெண். முன்னது சாலையைக் கடக்க, பின்னது எல்லையைத் தாண்ட. தண்டவாளத்தைத் தாண்டாதே என்னும் ஜெர்மன் ரயில்வே பலகையில் பின்னதுதான் இருக்கும், அதையே சொன்னேன். சொல் சரிதான். ஆனால் பள்ளிக்கு நேரமாகிவிட்ட அந்த அம்மாவை வரம்பு மீறியவர் கணக்கில் சேர்க்க இன்னும் மனசு வரவில்லை.

வியாசர்பாடி வாசகர்:
1989 ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவுப்படி தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவது குற்றம். சட்டத்தை மீறுவதற்கான யூபர்ட்ரேட்டன் என்றே சொல்லியிருக்கலாமே! எங்கள் வகுப்பில் நீளம் தாண்டும் போட்டி ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். வீரர் பலகையைத் தாண்டி மிதித்ததும் வர்ணனையாளர் 'யூபர்கெட்ரேட்டன்', அதாவது தாண்டி மிதித்துவிட்டார் என்று கத்தினார். சட்டத்தை மீறிவிட்டார் என்று சொல்லும்போது அதே வினையின் நடுவில் அந்த 'கெ' வராது. அந்தக் கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

தண்டையார்பேட்டை நர்ஸ்:
வியாசர்பாடி சார், சட்டத்தை யூபர்ட்ரேட்டன் செய்யலாம், தண்டவாளத்தைச் செய்ய முடியாது. அக்கா சொன்னதுதான் சரி. ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளியின் உறவினர் என் கையைப் பிடித்து இழுத்தார். வார்டு பொறுப்பாளரிடம் "கிரென்ட்ஸ யூபர்ஷ்ரிட்டன்" என்றேன், எல்லை தாண்டிவிட்டார் என்று. மேலே ஒன்றும் கேட்காமல் எழுந்து போய் அவரை வெளியே அனுப்பினார்.

தங்கச்சிக்கு ஒன்று சொல்லுங்கள். வினையைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். சாலையோடு யூபர்க்வேரன், எல்லையோடும் வேக வரம்போடும் யூபர்ஷ்ரைட்டன், சட்டத்தோடு யூபர்ட்ரேட்டன் என்று ஜோடியாகவே எழுதி வாய்விட்டுப் படிக்கட்டும். சொல்லில் எந்தப் பகுதியை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதையும் கோடு போட்டு வைக்கட்டும். அப்புறம், இடுப்பு மூட்டு மாற்றியவரிடம் கால் மேல் கால் போடாதீர்கள் என்று அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கும். இங்கிலீஷில் அதற்கும் கிராஸ்தான், ஆனால் ஜெர்மனில் இந்த மூன்றும் உதவாது. யூபர்ஐனாண்டர்ஷ்லாகன் என்று சொல்ல வேண்டும். நாக்கு பழக நாளாகும், இப்போதே ஆரம்பிக்கட்டும்.