வெதரிங்: ‘புழக்கமேற்றல்’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

புது மாதிரி ரயிலை ஓடி உழைத்த நிஜ வண்டிபோலத் தோன்றும்படி அழுக்கும் துருவும் தேய்மானமும் காட்டி வண்ணம் தீட்டுவதை, மாதிரி ரயில் செய்பவர்கள் வெதரிங் என்று சொல்வார்கள். அந்த வேலைக்குப் பினாங்கு நண்பர் ‘காலக்கறை’ என்ற சொல்லைத் தந்திருந்தார். அதற்கு முன் ‘வானிலைச் சிதைவு’, ‘பழமையாக்கம்’ இரண்டும் வந்தன. வானிலைச் சிதைவு வெயிலிலும் மழையிலும் சிதையும் பாறைக்கு உரியது, அது அங்கேயே இருக்கட்டும். பழமையாக்கமும் பொருந்தாது. 1938 முதல் மலாயாவுக்கு வந்த, கிளாஸ்கோவில் கட்டிய மூன்று சிலிண்டர் நீராவி எஞ்சின்களை எடுத்துக்கொள்ளுங்கள். சில மாதம் ஓடினாலே மேலெல்லாம் கரி படிந்துவிடும். அது பழைய எஞ்சின் அல்ல, வேலை செய்கிற எஞ்சின்.

காலக்கறை காதுக்கு இனிமையான சொல்தான். ஆனால் கறை பாதிக் கதையைத்தான் சொல்கிறது. கொதிகலன் மூடிகளுக்குக் கீழே வழிந்து காய்ந்த வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு, இணைப்புத் தண்டின் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் அப்பிய செம்மண் புழுதி எல்லாம் கறை, சரி. டிரைவர் ஏறி இறங்கும் கைப்பிடிக் கம்பி? கை பட்டுப் பட்டு அது பளபளக்கும். தண்டவாளத்தையும் பாருங்கள். பக்கவாட்டில் துரு, மேல்முகமோ சக்கரம் உருண்டு உருண்டு மின்னும். மாதிரியிலும் பக்கத்துக்குத் துரு நிறம் பூசிய கையோடு மேல்முகத்தைத் துடைத்துவிட வேண்டும். மாதிரி எஞ்சினுக்கு மின்சாரம் அந்த வழியாகத்தான் போகிறது. பூச்சு தங்கினால் வண்டி நின்றுவிடும். ஆக, இதில் பூசுவதும் உண்டு, தேய்த்து எடுப்பதும் உண்டு. இரண்டுக்கும் காரணம் புழக்கம்.

அதனால்தான் ‘புழக்கமேற்றல்’. மெருகேற்றுகிறோம், உருவேற்றுகிறோம், அதே வழியில் இதுவும். “எஞ்சினுக்குப் புழக்கமேற்றியாச்சு, பெட்டிகள் பாக்கி” என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் தடங்கல் இல்லை. புழக்கம் என்றால் பணப்புழக்கம் நினைவுக்கு வருமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வீட்டில் ‘புழங்குகிற பாத்திரம்’ என்று சொல்லாதவர் யார்?

எந்தக் காலத்துப் புழக்கம் என்ற கேள்வியையும் இந்தச் சொல் கூடவே கொண்டுவருகிறது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சிலாங்கூரின் பத்து ஆராங் ஊர்ச் சுரங்கத்து நிலக்கரியை எரித்த நாளில் கரித்தொட்டியைச் சுற்றித் தூளும், அடியில் சாம்பலும் இருக்கும். பின்னாளில் எண்ணெய்க்கு மாற்றிய எஞ்சினில் அந்தச் சாம்பலைத் தூவினால் தவறு; அங்கே எண்ணெய்த் தொட்டியின் வாயோரம் கருப்பாக வழிந்திருக்க வேண்டும். ஆண்டை முடிவு செய்த பிறகே தூரிகையைத் தொட வேண்டும். கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் ஒரு படத்தைக் காட்டிக் கேளுங்கள். எங்கே வழியும், எங்கே தேயும் என்று விரல் வைத்துக் காட்டுவார்.

அளவும் முக்கியம். 1:87 விகிதத்தில் 1 மில்லிமீட்டர் கோடு நிஜத்தில் 8.7 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். துரு ஒழுகலை அதைவிட மெல்லியதாக இழுத்தால்தான் நம்பும்படி இருக்கும்.

அப்புறம், துணைச்சொற்கள் இரண்டு. ஈரம் துடைத்த தூரிகையால் மேடுகளை மட்டும் தொடுவது ‘உலர்தீற்றல்’. நீர்த்த வண்ணத்தை ஓடவிட்டு இடுக்குகளில் தங்கச் செய்வது ‘கசிவுப்பூச்சு’. பின்னதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. கசிவு தானாக நடப்பது, இது நாம் செய்வது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.