பிசியோவுக்குப் போறதுக்கு முன்னாடி அம்மாவோட வலியைக் கேட்டு எழுதிக்கோங்க

தம்பி, அடுத்த வாரம் அம்மாவை முட்டிவலிக்கு இங்க சிங்கப்பூர்ல ஆஸ்பத்திரி பிசியோவுக்கு (பயிற்சி கொடுத்துச் சரிபண்ற பிசியோதெரபி) கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தீங்க. பாஸ்போர்ட், இங்க தங்கறதுக்கான பாஸ், டாக்டர் கொடுத்த ரெஃபரல் லெட்டர், எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரு பையில போட்டுடுவீங்க, தெரியும். அதைவிட முக்கியமா, ஒருநாள் சாயங்காலம் அம்மா பக்கத்துல உட்கார்ந்து, வலி எப்படி இருக்குன்னு அவங்க வார்த்தையிலேயே கேட்டு எழுதிக்கோங்க.

எங்க அம்மா விஷயத்துல நான் இதைச் செய்யல. "கால் கடுக்குது, படியேறினா முட்டியில சுருக்குன்னு குத்துது, ராத்திரி பாதம் மரத்துப்போகுது"ன்னு அம்மா மூணு விதமா சொன்னாங்க. நான் மூணுக்கும் "பெயின்"னு ஒரே வார்த்தையில முடிச்சேன். முட்டிக்கு மட்டும் பயிற்சி கொடுத்து அனுப்பிட்டாங்க. அடுத்த தடவை மரத்துப்போறதைத் தனியா சொன்னதும், பிசியோதெரபிஸ்ட் அம்மாவைப் படுக்க வச்சு, காலை நீட்டித் தூக்கி, பாதத்தைப் பஞ்சால தொட்டுத் தொட்டு "தெரியுதா"ன்னு கேட்டு, இடுப்பையும் பார்த்தாங்க. மரத்துப்போறது இடுப்புல நரம்பு அழுந்தறதாலயும் வரலாம், சர்க்கரையாலயும் வரலாம். அதனால மரத்துப்போறதுக்கு "நம்ப்னஸ்", எரிச்சலுக்கு "பர்னிங்"னு பிரிச்சே சொல்லுங்க.

பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள வலி எவ்வளவுன்னும் கேட்பாங்க. நம்ம அம்மாக்கள் எதைக் கேட்டாலும் "பரவாயில்ல"ம்பாங்க. பத்துன்னா தாங்கவே முடியாத வலின்னு வீட்டிலேயே விளக்கி வைங்க.

தரையில சம்மணம் போட்டு உட்காருவாங்களா, குந்தி உட்கார்ந்து கோலம் போடுவாங்களான்னும் சொல்லுங்க. நாம சொல்லாட்டி பிசியோதெரபிஸ்டுக்குத் தெரிய வழியில்ல. என்ன செய்ய ஆசைன்னும் சொல்லலாம். எங்க அம்மா, தைப்பூசத்துக்கு சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் நடக்கணும்னாங்க. அதுக்கப்புறம் நடைப்பயிற்சியையே அந்தத் தூரத்தை மனசுல வச்சுத்தான் படிப்படியா கூட்டிக் கொடுத்தாங்க.

புடவை வேண்டாம். முட்டிக்கு மேல சுருட்டக்கூடிய தொளதொளன்னு ஒரு பேன்ட், வழுக்காத ஷூ. ஏசி குளிரும், சால்வை எடுத்துக்கோங்க. பெண் பிசியோதெரபிஸ்ட்தான் வேணும்னா முன்கூட்டியே போன்ல கேளுங்க. தமிழ் பேசற ஊழியர் இருப்பாங்களான்னும் அப்பவே கேட்டுடலாம். பேஸ்மேக்கர், பழைய ஆபரேஷன்ல வச்ச கம்பி இருந்தா முதல்லயே சொல்லணும்.

காசு விஷயம்: பாலிகிளினிக் (அரசாங்க கிளினிக்) ரெஃபரலோட கிடைக்கிற மானியம் சிட்டிசன், பிஆருக்குத்தான் (நிரந்தரவாசி). விசிட் பாஸ்ல இருக்கற அம்மாவுக்கு முழுக்கட்டணம், அதனால ஒரு தடவைக்கு எவ்வளவுன்னு கேட்டுட்டுப் போங்க. இதைப் படிக்கிற, ஒர்க் பர்மிட், எஸ் பாஸ்ல இங்க வேலை பார்க்கிற தம்பிகளுக்கும் ஒண்ணு: கம்பெனி கட்டாயமா எடுக்கிற 60,000 வெள்ளி இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில தங்கறதுக்கும் டே சர்ஜரிக்கும்தான் (அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பற ஆபரேஷன்), வந்துபோற பிசியோவுக்கு அது கட்டாயமில்ல. வேலையில அடிபட்டிருந்தா அது தனி நஷ்டஈட்டுச் சட்டத்துல வரும், முதலாளிகிட்ட உடனே சொல்லுங்க, மறைக்காதீங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி, பயிற்சியை அம்மா செய்யறதை போன்ல எடுத்துக்கலாமான்னு கேளுங்க. காகிதத்துல இருக்கற படம் வீட்டுக்கு வந்தா புரியாது. நாங்க வீடியோவை டிவியில போட்டுவிட்டோம், காபி குடிச்ச கையோட தினமும் பத்து நிமிஷம் அம்மா செஞ்சாங்க.