சங்கத்தில் சேரலாமா? எங்கள் கம்பெனியில் நடந்தது

தம்பி, கம்பெனியில் தொழிற்சங்கத்தில் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். சந்தா எவ்வளவு, கூட்டத்துக்குப் போகணுமா என்பதெல்லாம் அப்புறம். முதலில் உங்கள் சங்கம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பதிவாகி, நிர்வாகத்தோடு ஒரு ஒப்பந்தமாவது போட்ட சங்கம் என்றால் யோசிக்காமல் சேரலாம். இனிமேல்தான் தொடங்கப்போகிறார்கள் என்றால் ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கட்டும்.

ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் பதினோரு வருடம் இருந்தேன். நாங்கள் தொடங்கியபோது பதிவு மனுவில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டோம். கம்பெனித் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அவ்வளவு உறுப்பினர் வேண்டும் என்பது சட்டம், அத்தனை பேர் ஒரு வாரத்தில் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அந்த ஏழு பெயரும் எப்படியோ எச்.ஆர். மேஜைக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டு பேருக்கு வெளிமாநில பிளான்ட்டுக்கு டிரான்ஸ்பர், கேன்டீனில் சத்தம் போட்டதாகச் சொல்லி எனக்கு சஸ்பெண்ட். சஸ்பெண்டில் இருக்கும்போது தரும் பிழைப்பூதியம் முதல் 90 நாள் பாதிச் சம்பளம்தான், வாடகையும் பைக் டியூவும் கட்டினால் மிச்சம் ஒன்றுமில்லை. அப்போது அடகுக்குப் போன வளையலை மீட்க இரண்டு வருடம் ஆயிற்று, வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுவார்கள். பதிவுக்கு இவ்வளவு பாடா என்று கேட்காதீர்கள். 2024இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்களுடைய சங்கத்துக்கே 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது.

இன்னொன்று, ஆத்திரத்தில் திடீரென்று மெஷினை நிறுத்தாதீர்கள். நோட்டீஸ் இல்லாமல் பத்துப் பேர் சேர்ந்து வராமல் இருந்தால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்க அன்றைக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. நாங்கள் ஒரு ஷிப்ட் நிறுத்தி அதையும் அனுபவித்தோம்.

கடைசியில் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் 12(3) ஒப்பந்தம், அதாவது சமரச ஒப்பந்தம், போட்டோம். மூன்று வருடத்தில் மாதம் 7,500 ரூபாய் ஏறியது, சரி, ஆனால் மணிக்கு 42 பீஸ் செய்யணும் என்றிருந்தது 50 ஆனதும் அதே காகிதத்தில்தான் இருந்தது, அதைச் சங்கக் கமிட்டி எங்களிடம் விளக்கவே இல்லை. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. முன்பெல்லாம் விரல் நசுங்கினால் பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்லச் சொல்வார்கள். சங்கம் வந்தபிறகு தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை ஒழுங்காகப் போனது.

---

அண்ணா சொன்னதோடு என்னுடையதும். வேறொரு கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நான்கு வருடம் காண்ட்ராக்டில் இருந்தேன். பக்கத்து ஸ்டூலில் நிரந்தர ஆள், வேலை ஒன்றுதான். அங்கே சங்கம் பலமான சங்கம், ஆனால் எங்களை உறுப்பினராகச் சேர்க்க மாட்டார்கள், கேட்டால் அடுத்த ஒப்பந்தத்தில் பார்க்கலாம் என்பார்கள். ஒப்பந்தம் கையெழுத்தான அன்று எங்களுக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். சம்பளம் அதே பழைய சம்பளம். நீங்கள் சேர்ந்தால் முதல் பொதுக்குழுவிலேயே காண்ட்ராக்ட் ஆட்களைப் பற்றிக் கேளுங்கள் தம்பி, எங்கள் லைனில் அதைக் கேட்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை.